ஐந்து, ஐந்து, ஏழு

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது இடது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலிக்கும். பத்துப் பன்னிரண்டு அடி நடந்தால் சரியாகிவிடும். பெரிய நோய் ஒன்றுமில்லை. தார் ரோட்டில் ஓடிப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். நேற்று இந்த இரும்பு நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டுத் திடீரென்று எழுந்து நடக்கச் சொன்னீர்கள். நான் நொண்டினேன். நீங்கள் ஏதோ எழுதிக்கொண்டீர்கள். பயத்தில் தடுமாறினான் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள் சார். அது குதிகால்.

மேசையில் இரண்டு படங்களை வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் என் முதுகு, என் இடுப்புக்குப் பின்னால் நீட்டிய என் வலது கை, விரிந்த ஐந்து விரல். முதல் படம் ஐந்தாவது சுற்று முடிந்த இடத்தில் எடுத்தது. இரண்டாவது, ஆறாவது சுற்று முடிந்த இடத்தில். இரண்டாவதில் நான் ஆறு காட்டியிருக்க வேண்டும். ஐந்து காட்டியிருக்கிறேன். அதை நம்பி என் தங்கையின் கணவர் இன்னொரு சுற்று ஓடப் போனார், அந்தச் சுற்றிலேயே ரோட்டில் விழுந்து செத்தார். கணக்குத் தப்பிவிட்டதா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

எங்கள் பயிற்சியாளரை நாங்கள் மாஸ்டர் என்போம். நேற்று உங்கள் வராந்தாவில் என் சட்டையைச் சரிசெய்வதுபோல் கிட்டே வந்து அவர் சொன்னது இது: "தப்பிப்போச்சுன்னு சொல்லிடு. அந்த வெயில்ல எவனுக்கும் கணக்குத் தப்பும். ஒரு வருஷம் தடை போடுவாங்க, அவ்வளவுதான்."

நல்ல மனிதர். ஆனால் நாற்பத்தொரு ஓட்டத்தில் எனக்கு ஒருமுறைகூடக் கணக்குத் தப்பியதில்லை. நாற்பத்திரண்டாவதில் தப்பியது என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார். அதற்கு என்னால் முடியாது. அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன். மனச்சாட்சி உறுத்தி அல்ல.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரிக்கு அது கடைசிவரை புரியவில்லை. நெடுந்தூர ஓட்டத்தில் நான் பேஸ் போடுகிறவன், அதாவது முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கிறவன். மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம். அதில் முப்பது வரைக்கும் நான் முன்னால் ஓடுவேன். சாம்பியன் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் வருவார். எதிர்க்காற்று என் நெஞ்சில் மோதும், அவரைத் தொடாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற தலைவலி எனக்கு. அவர் சும்மா என் காலைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். முப்பதில் நான் ரோட்டோரம் ஒதுங்கிவிடுவேன். அவர் அப்போதுதான் ஓட ஆரம்பித்தவர்போல் என்னைத் தாண்டிப் போவார். கோப்பையும் கேமராவும் நாற்பத்திரண்டில் இருக்கும். முப்பதில் ஒரு தண்ணீர் மேசையும் குப்பைத் தொட்டியும் இருக்கும்.

பிறகு முடிவுப் பட்டியல் ஒட்டுவார்கள். அவர் பெயருக்கு நேராக நேரம் இருக்கும். என் பெயருக்கு நேராக 'முடிக்கவில்லை' என்று இருக்கும். காலுடைந்து விழுந்தவனுக்கும், வயிற்றுப்போக்கில் ஒதுங்கினவனுக்கும், எனக்கும் ஒரே சொல்தான். நாற்பத்தொரு பட்டியலிலும் அந்தச் சொல் என் பெயருக்கு நேராக இருக்கிறது.

என் அப்பா சரக்குக் கொட்டகையில் மூட்டை சுமந்தவர். எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒருமுறை பேப்பரில் வந்த பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து என் பெயரில் நிறுத்தினார்.

"என்னடா இது, முடிக்கலைன்னு போட்டிருக்கான்?"

"அப்படித்தாம்ப்பா போடுவாங்க. என் வேலை முப்பதோட சரி."

"பாதி வழியில மூட்டையப் போட்டுட்டு வந்தா எங்க மேஸ்திரி செருப்பாலயே போடுவான். உனக்குக் கூலி குடுக்குறானா?"

"குடுக்குறாங்க."

"அப்ப கிறுக்கு அவனுக்குத்தான்."

அதற்குப் பிறகு அவர் என் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டதில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தது நான்தான். அப்போது அவர் சாம்பியன் இல்லை. வேகமாக ஓடுகிற, துணி துவைக்கத் தெரியாத ஆள். என் தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் கொட்டகையில் கிழிந்த சாக்கு தைத்தவள். அவள் கையில் ஊசி ஏறிய தழும்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "உங்க அண்ணன் முதுகத் தவிர நான் வேற எதையும் பார்த்ததில்ல, இப்பதான் மூஞ்சியப் பார்க்குறேன்" என்று அவளிடம் முதல் நாளே சொன்னார். அவள் சிரித்தாள். ஆறு மாதத்தில் அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவள் ஒரு பச்சைத் துண்டோடு முடிவுக்கோட்டில் நிற்பாள். அவர் வந்ததும் தோளில் போர்த்தி, "முடிச்சாச்சு" என்பாள். அந்த ஒரு சொல்தான். அவர் அதைக் கேட்டபிறகுதான் உட்காருவார். நான் அதற்குள் முப்பதிலிருந்து வண்டி பிடித்து வந்து சேர்ந்திருப்பேன். என்னிடம், "சாப்பிட்டியாண்ணா?" என்பாள்.

விரல் விஷயம். மாப்பிள்ளைக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. கண்ணுக்குள் வைக்கிற வில்லை வேர்வை பட்டு எரிகிறது என்று ஓட்டத்தில் போடமாட்டார். கிலோமீட்டர் பலகை, மணிக்கூண்டு எதுவும் அவருக்கு இல்லை. அதனால் நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சுற்றுப்பாதையில் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் நான் கையைப் பின்னால் கொண்டுபோய் விரல் காட்டுவேன். ஒன்று முதல் ஐந்து வரை வலது கை. ஆறு, ஏழு, எட்டுக்கு இடது கையில் ஒன்று, இரண்டு, மூன்று; சின்னச் சுற்றுப் பாதைகளில் முப்பதுக்குள் எட்டுகூட வரும். பேச்சுக் கொடுத்தால் மூச்சுப் போகும், விரலுக்குச் செலவில்லை. ஒன்பது வருடம் அவர் என் விரலை நம்பினார். தன் கண்ணை நம்பாதவர், தன் கைக்கடிகாரத்தைக் கட்டாதவர், என் விரலை நம்பினார்.

மூன்றாவது பட்டம் வாங்கிய வருடம் அவரை டி.வி.க்குக் கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள் என்று என்னையும் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்தார்கள். மூக்கில் பவுடர்கூடப் போட்டுவிட்டார்கள். பேட்டி எடுத்த பெண் கேட்டாள்: "ஒரு விளையாட்டு வீரரைப் பெரிய வீரர்னு சொல்ல வைக்கிறது எது?"

நல்ல கேள்வி. நானும் யோசித்திருக்கிறேன், எனக்கு யோசிக்க முப்பது கிலோமீட்டர் உண்டு. சிலர் கோப்பைகளை எண்ணுவார்கள். கோப்பைகளை எண்ணினால், அந்த வருடம் யாருக்கெல்லாம் கால் உடைந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். சிலர் எத்தனை வருடம் தாக்குப்பிடித்தான் என்பார்கள். என் அப்பா முப்பத்தைந்து வருடம் மூட்டைக்கடியில் தாக்குப்பிடித்தார், யாரும் பேட்டி எடுக்கவில்லை. தோற்ற அன்றைக்கு எதிராளியிடம் எப்படி நடந்துகொண்டான் என்று பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது தோற்கிறவர்கள் கண்டுபிடித்தது. நான் பார்த்தவரையில் பெரிய வீரன் என்றால் அவன் முன்னால் எதிர்க்காற்றைத் தாங்க ஒருத்தன் இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான். மாப்பிள்ளை அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் என் பக்கம் ஒருமுறை கையையாவது நீட்டுவார் என்று நினைத்தேன்.

நீட்டத்தான் செய்தார்.

"ஆரம்பிச்சத முடிக்கிறதுதான் மேடம். முப்பது வரைக்கும் எவன் வேணா ஓடலாம். அதோ, என் மச்சானே ஓடுறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கேமரா என் பக்கம் திரும்பியது. நானும் சிரித்தேன். தங்கையும் சிரித்தாள், சிரித்துவிட்டு என் முழங்கையை ஒருமுறை தட்டினாள்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'முப்பது'. மைதானத்து வாயில்காவலர், "என்ன முப்பது, இன்னிக்கு முழுசா உள்ள வருவியா, இல்ல பாதியிலயே நின்னுக்குவியா?" என்பார். செருப்புக்கடைக்காரர் பில்லில் முப்பது என்றே எழுதினார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மாஸ்டரிடம் மட்டும் போய், அடுத்த ஓட்டத்தில் ஒருமுறை கடைசிவரை ஓடிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் என் பயிற்சி அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

"எதுக்கு?"

"சும்மாதான் மாஸ்டர். கால்ல இன்னும் தெம்பிருக்கு."

"நீ பன்னெண்டு கிலோமீட்டர் கூட ஓடி ஒரு மாசம் படுத்துட்டா, அவன் யார் முதுகப் பார்த்து ஓடுவான்? வீட்ல குழம்பு வைக்கிற சட்டிக்கு விருந்துல உக்கார ஆசை வரக் கூடாதுப்பா."

சட்டி என்று சொன்னது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. வேலை செய்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். சட்டியின் அருமை தெரியும். ஆனால் அதை மறக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியும் படி ஏறினால் மூச்சு வாங்கியது. தங்கை தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், யாருக்கும் தெரியாமல் இதய டாக்டரிடம் காட்டினாள். இதயத் தசையில் வீக்கம். ஆறு மாதத்துக்கு ஓடக் கூடாது, மீறினால் ஓடுகிற இடத்திலேயே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டருக்குச் சொல்லவில்லை. தொடக்கக்கோட்டில் நிற்காதவன் பெயர் அணித் தேர்வுப் பட்டியலில் இருக்காது. நின்று, ஓடி, வழியில் தசை பிடித்துக்கொண்டால் இருக்கும். விதி அப்படி. மாப்பிள்ளை ஆறு சுற்று ஓடுவேன் என்றார். தங்கை ஒரு சுற்றுகூட வேண்டாம் என்றாள். இரண்டு நாள் வீட்டில் அடுப்பெரியவில்லை. கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது: மெதுவாக ஆறு சுற்று, அதாவது முப்பது கிலோமீட்டர், பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு என்னோடு ஒதுங்கிவிடுவது. முப்பதுக்கு முன்னால் நின்றால் சிரிப்பார்கள் என்றார்.

தங்கை என்னைச் சலவைக்கூடத்துக்கு வரச் சொன்னாள். வெந்நீர் ஆவி கண்ணை மறைக்கிற இடம். ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்து, மறுமுனைகளை அவள் பிடித்து, மடித்துக்கொண்டே பேசினாள். சின்ன வயதில் சாக்கு மடிப்பதும் அப்படித்தான்.

"அவரு நிக்க மாட்டாருண்ணா. ஆறு முடிஞ்சதும் எட்டையும் முடிச்சுடலாம்னு தோணும் அவருக்கு."

"நான் முன்னாலதானே ஓடுறேன்."

"நீ ஆறு காட்டு. காட்டிட்டு அப்படியே கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடு. நான் அங்கயே துண்டோட நிக்கிறேன். நீ காட்டுனா நிப்பாரு. உன் விரலுக்குத்தான் கட்டுப்படுவாரு, எனக்கில்ல."

"சரி."

"சரின்னு சொல்லு."

"சொல்லிட்டேனே."

"இன்னொரு தடவ சொல்லுண்ணா."

சொன்னேன். விரிப்பு நாலாக மடிந்து அவள் கைக்குப் போய்விட்டது.

அன்று சரி என்று சொன்னபோது எனக்குள் வேறு எதுவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய மதியம்தான் வேறு ஆனது. விடுதி அறையில் அவர் கட்டிலில் படுத்திருந்தார், நான் தரையில் உட்கார்ந்து அவர் ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தபடி பேசினார். அவர் குரலில் கேலி இல்லை, இருந்திருந்தால் பரவாயில்லை.

"நாளைக்கு எனக்கும் முடிக்கலைன்னு போடுவான் இல்ல, மச்சான்?"

"போடுவான்."

"முதல் தடவை. எப்படி இருக்கும்? பழகிடுமா?"

"பழகிடும்."

"சரி விடு. ஒரு நாளைக்கு உன்ன மாதிரி இருந்துட்டுப் போறேன்."

நான் கயிற்றைக் கோத்து முடித்தேன். இரண்டு ஷூவையும் கட்டிலுக்கடியில் ஜோடியாக வைத்தேன். ஒரு நாளைக்கு என்றார். எனக்கு அது ஒன்பது வருடம்.

நீங்கள் ஆத்திரம் என்று எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள். நான் நினைத்தது இவ்வளவுதான்: டி.வி.யில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பெருமைக்கு அளவு சொன்ன ஆள், தன் உடம்புக்கு வந்ததும் அளவைக் குறைத்துக்கொள்கிறார். ஆரம்பித்ததை முடிப்பவன்தான் பெரியவன் என்றால் முடிக்கட்டும். அவர் பெயருக்கு நேராக அந்தச் சொல் வரக் கூடாது. பெரிய வீரனாகவே வாழ்ந்தவர், ஒரு நாளைக்குக்கூட என்னைப்போல் ஆக வேண்டாம். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பாதை ஏரியைச் சுற்றி. ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர், மொத்தம் எட்டு, பிறகு இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நேர்ரோடு, அரங்கத்துக்குள் முடிவு. எட்டு மணிக்கே வெயில் பிடரியைப் பிடித்துவிட்டது. நாங்கள் மெதுவாக ஓடினோம். முன்னால் ஓடுகிற கூட்டம் இரண்டாவது சுற்றிலேயே கண்ணுக்குத் தெரியாமல் போனது. எங்கள் முன்னும் பின்னும் ஆளில்லை. அவர் மூச்சு மட்டும் என் பிடரியில் கேட்டது. ஒன்பது வருடமாகக் கேட்கிற மூச்சு. என் தங்கையைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். நாலாவது சுற்றில் அது மாறியது. உள்ளே போவது சின்னதாகவும் வெளியே வருவது பெரிதாகவும் இருந்தது. ஐந்தாவது சுற்றில் ஐந்து காட்டினேன்.

ஆறு முடிகிற இடத்தில் தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றாள். பச்சைத் துண்டு தோளில். அவளை நான் தூரத்திலேயே பார்த்தேன். மாப்பிள்ளைக்கு அவள் தெரிய வழியில்லை. இடது கையில் ஒரு விரல் காட்ட வேண்டிய நேரம். நான் வலது கையை எடுத்தேன்.

"இன்னும் அஞ்சுதானா மச்சான்?" என்றார். அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் அன்றைக்கு.

"அஞ்சுதான் மாப்ள."

தங்கை கத்தினாள். "அண்ணா, ஆறு. ஆறு ஆயிடுச்சு."

அவர் தலை அவள் பக்கம் திரும்பியது. அவர் நிழல் ரோட்டில் திரும்பியதை வைத்துச் சொல்கிறேன், நான் பின்னால் பார்க்கவில்லை. பேஸ் போடுகிறவன் பின்னால் பார்க்கக் கூடாது.

"என்ன சொல்றா?"

"பயத்துல முன்னாடியே எண்ணுறா. நீங்க வாங்க."

வந்தார்.

ஏழாவது சுற்றில் மூன்று கிலோமீட்டர்போல் போயிருப்போம். "மச்சான், நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றேன். "நீ சொன்னா சரி" என்றார். அதற்கப்புறம் நூறு அடி போயிருக்கலாம். காலடிச் சத்தம் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தது, அப்புறம் இரண்டு அடி சேர்ந்தாற்போல் விழுந்தது, அப்புறம் இல்லை. ஒரு மூட்டையை முதுகிலிருந்து சரியாக இறக்காமல் நழுவவிட்டால் தரையில் ஒரு சத்தம் வரும். கொட்டகையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

நான் ஏன் நிற்கவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நின்றிருந்தால் எனக்கும் முடிக்கவில்லை என்றுதான் போட்டிருப்பார்கள்.

ஏழு முடிகிற இடத்தில் தங்கை என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் பார்த்தாள். "அவரு எங்கண்ணா?" என்றாள். "வர்றாரு" என்றேன். அவள் துண்டைக் கம்பியிலேயே போட்டுவிட்டு நான் வந்த திசையில் ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நல்ல கால் அவளுக்கு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வேர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்ததால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அது என் பையில் இருக்கிறது. துவைத்துவிட்டேன்.

எட்டாவது சுற்றில் அந்த இடத்தை மறுபடி தாண்ட வேண்டியிருந்தது. சுற்றுப்பாதையில் அதைத் தவிர்க்க முடியாது. ஆம்புலன்ஸ் குறுக்கே நின்றது, ஓரமாக வழி விட்டிருந்தார்கள். அவர் ஷூ ஒன்று தனியாகக் கிடந்தது. கயிறு அவிழவில்லை, நான் கட்டியது. தங்கை ரோட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் கிடந்த துண்டைப் பார்த்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

இரண்டு மணி முப்பத்தோரு நிமிடத்தில் முடித்தேன். பதினான்காவது இடம். அரங்கத்துக்குள் கடைசி முந்நூறு அடி எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தரை மெத்தென்று இருக்கிறது. குதிகால் வலிக்கவில்லை. ஒரு பெண் என் கழுத்தில் மெடலைப் போட்டாள். முடித்த எல்லோருக்கும் போடுவது. அதை நீங்கள் உறையில் போட்டு எண் ஒட்டிவைத்திருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலில் அவர் பெயருக்கு நேராக முடிக்கவில்லை என்றுதான் போட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் பொறுத்திருந்தால் ஏழு முடிந்திருக்கும், ஏழு வந்தவருக்கு எட்டு வராதா. அதற்கு நான் என்ன செய்வது? ஆறு சுற்று அவர் விருப்பப்பட்டு ஓடியது. டாக்டர் ஒரு சுற்றுக்கே கூடாது என்றிருந்தார். எந்தச் சுற்றில் இதயம் கெட்டது என்று அறுத்துப் பார்த்தவராலும் சொல்ல முடியவில்லை. நான் சேர்த்தது ஒன்று.

இன்று காலை மூன்றாவது படத்தைக் காட்டினீர்கள். ஏழாவது சுற்று முடிந்த இடம். பின்னால் ஆளில்லாத ரோடு. என் இடது கை இடுப்புக்குப் பின்னால், இரண்டு விரல். நான் அதைக் காட்டியது எனக்கே தெரியாது. ஒன்பது வருடப் பழக்கம், கை தானாகப் போயிருக்கிறது. ஐந்து, ஐந்து, ஏழு. கணக்குத் தப்பியவன் மூன்றாவதாக ஆறு காட்டியிருப்பான் என்றீர்கள். சரியாகச் சொன்னீர்கள். இந்தக் கட்டடத்தில் என் தொழில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆறு என்று தெரிந்துதான் ஐந்து காட்டினேன். அவர் மூச்சு நாலாவது சுற்றிலேயே உடைந்துவிட்டது என்று தெரியும். ஏழாவது சுற்றைத் தாண்டமாட்டார் என்று தெரியும். அவரைப் பெரியவராக்க அல்ல, கொல்லத்தான் காட்டினேன். என் தங்கை கத்தியது என் காதில் விழுந்தது. மாஸ்டருக்கு இதில் சம்பந்தமில்லை. கணக்கு ஒரு இடத்திலும் தப்பவில்லை.

தங்கை உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்ததாகச் சொன்னீர்கள். இரண்டு முறையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாளாம். அழுவாள், திட்டுவாள், எல்லாம் அடங்கும். அவள் என் கூடப்பிறந்தவள். அவளுக்குக் கொடுக்க வேண்டியது என்று என்னிடம் ஒரு பச்சைத் துண்டு இருக்கிறது, அதைக் கொடுத்துவிடுவேன். அவள் எனக்குக் கொடுக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது, அடுத்த முறை வந்தால் ஞாபகப்படுத்துங்கள். நாற்பத்திரண்டு ஓட்டத்தில் முதல் தடவையாக நான் கடைசிவரை ஓடியிருக்கிறேன். இவ்வளவு நாளாகியும் அவள் என்னிடம் 'முடிச்சாச்சு' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் பாக்கி.